வீட்டுக்கும் புள்ளி போடுங்கோ

இங்கிலாந்தில் வாடகை வீடுகளுக்குப் புள்ளி போடுகிறார்கள். புள்ளி குறைந்த வீட்டை வாடகைக்கு விட முடியாது. இதை எங்களுக்குச் சொன்னது கலைப்பீடத்து விரிவுரையாளர்கள் இல்லை, கிழக்கு லண்டனில் இருக்கிற மாமா ஒருவர். எங்களில் ஒருத்திக்குத்தான் சொந்த மாமா, ஆனால் நாலு பேருக்கும் அவர் மாமாதான். அனலைதீவில் பிறந்து தொண்ணூறுகளில் லண்டன் போனவர். இரண்டு வேலை செய்து, சீட்டுப் பிடித்து, இரண்டாவது வீடொன்றும் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில் எடுத்தவர் அரை மணித்தியாலம் அந்த வீட்டைப் பற்றித்தான் பேசினார். "என்ர வீட்டை நான் வாடகைக்கு விட அவங்களிட்டப் பாஸ் எடுக்கோணுமாம் பிள்ளையள். ஊரில ஆராவது இப்பிடிக் கேட்டிருப்பினமே?"

நாங்கள் என்றால் யார் என்று சொல்லிவிடுகிறோம். அனலைதீவில் இருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்த நாலு பெண்கள். யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் ஒரு வீட்டின் பக்கத்து இறக்கத்தில் ஒரே அறையில் வாடகைக்கு இருக்கிறோம். ஊரில் இருந்து ஊர்காவற்துறைக்குப் படகு, அங்கிருந்து பஸ். தினமும் போய்வரலாம் என்று படகும் காற்றும் எங்களுக்கு உத்தரவாதம் தருவதில்லை. ஆகவே வாடகை அறை எங்களுக்குக் கட்டாயம். நாலு பேரும் சேர்ந்துதான் இதை எழுதுகிறோம்.

மாமா சொன்ன சட்டத்தைத் தேடிப் படித்தோம். 2011இல் வந்த எரிசக்திச் சட்டத்தின் கீழ் 2015இல் விதிகள் செய்திருக்கிறார்கள். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து வீட்டைப் பார்ப்பார். சுவர் என்ன மாதிரி, கூரைக்குக் கீழே வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சு போட்டிருக்கிறதா, யன்னல் ஒற்றைக் கண்ணாடியா இரட்டைக் கண்ணாடியா, வீட்டைச் சூடாக்க என்ன வசதி என்றெல்லாம் பார்த்து ஏ முதல் ஜி வரை ஏழு தரத்தில் ஒன்றைக் கொடுப்பார். புதிதாக வாடகைக்கு விடும் வீட்டுக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், ஏற்கெனவே ஆள் இருக்கும் வீட்டுக்கு 2020 ஏப்ரல் 1 முதலும் ஆகக் குறைந்தது ஈ தரம் வேண்டும். ஈ என்றால் இலையான் இல்லை, ஆங்கில எழுத்து. எங்கட ஏ/எல் பாஷையில் சொன்னால் அது ஒரு எஸ். எஃப், ஜி இரண்டும் ஃபெயில்.

வீட்டைத் திருத்த உரிமையாளர் தன் கையில் இருந்து செலவழிக்க வேண்டிய உச்சத் தொகை 3,500 பவுண். அதற்குள் செய்யக்கூடியதெல்லாம் செய்தும் ஈ தரம் வராவிட்டால் விலக்குக் கேட்டுப் பதியலாம். விதியை மீறினால் உள்ளூர்ச் சபை ஒரு வீட்டுக்கு 5,000 பவுண் வரை தண்டம் போடலாம். மாமாவின் வீடு பழைய செங்கல் வீடு. எஃப் எடுத்துவிட்டது. கூரைக்குக் கீழே பஞ்சு போட்டு, ஹீற்றரை மாற்றி, இரண்டாயிரத்துச் சொச்சம் பவுண் செலவழித்து அதை ஈ தரத்துக்குக் கொண்டுவந்தார். கோபம் வராமல் என்ன செய்யும்?

அவருடைய கோபம் எங்களுக்கு விளங்கியது. ஆனால் எங்களுடைய கண் மேலே இருந்த சீற்றுக்குப் போனது.

எங்கள் அறைக்கு அஸ்பெஸ்ரஸ் சீற் போட்டிருக்கிறது. சீலிங் இல்லை. ஒரு யன்னல், அதுவும் ஒழுங்கைப் பக்கம். பெம்பிளைப் பிள்ளையள் இருக்கிற அறை என்றபடியால் பொழுதுபட்டால் யன்னலைச் சாத்தச் சொல்லி வீட்டுக்கார அன்ரியின் கட்டளை. ஆக, பகல் முழுக்கச் சீற் குடித்த வெயில் இரவு முழுக்க எங்கட தலைக்கு மேலே இறங்கிக்கொண்டிருக்கும். எங்களில் ஒருத்தி மருந்துக்கடையில் வெப்பமானி ஒன்று வாங்கி வந்து சுவரில் தொங்கவிட்டாள். சித்திரை மாதத்தில் ஒரு நாள் பின்னேரம் இரண்டு மணிக்கு வெளியே வேப்பமர நிழலில் 33 பாகை, உள்ளே 37. இரவு பத்து மணிக்கும் உள்ளே 33க்குக் கீழே இறங்கவில்லை. மர நிழலைவிட வெக்கை கூடிய இடத்துக்கு நாங்கள் மாதாமாதம் காசு கொடுக்கிறோம்.

பரீட்சைக் காலத்தில் இது விளையாட்டு இல்லை. ஒருத்திக்கு வேர்க்குரு கழுத்து முழுக்க. இன்னொருத்திக்கு இழுப்பு இருக்கிறது, புழுக்கம் கூடினால் இரவில் எழும்பிக் குந்திக்கொண்டிருப்பாள். மற்ற இரண்டு பேரும் நனைத்த துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு குறிப்புப் படிப்போம்.

அன்ரியிடம் போய்க் கதைத்தோம். சீற்றுக்கு மேலே கிடுகு போட்டுத் தாறோம், கிடுகை நாங்களே ஊரில் இருந்து கொண்டுவாறோம் என்றோம். தீவுப் பக்கம் சீற் வீட்டுக்கு மேலே கிடுகோ பனையோலையோ போட்டுக் கட்டுவதை எல்லோரும் கண்டிருப்போம். வெயில் நேரே சீற்றில் படாது. அன்ரி சிரித்தார். "நெருப்புப் பத்தினா ஆர் பொறுப்பு? எலி வரும். வீட்டின்ர வடிவும் போயிடும். உங்களுக்கு முந்தி இருந்த பிள்ளையள் ஒண்டும் சொல்லேல்லையே." சீலிங் அடித்துத் தந்தால் வாடகையில் கொஞ்சம் கூட்டித் தருவோம் என்றும் சொல்லிப் பார்த்தோம். "நீங்கள் படிச்சு முடிச்சுப் போயிடுவியள். நான் ஏன் பிள்ளை அவ்வளவு காசைக் கொட்ட?"

அன்ரி கெட்டவர் இல்லை. மழைக்காலத்தில் எங்களுக்கு மல்லித்தண்ணி அவித்துத் தருகிறவர். ஆனால் அவர் கடைசியாகச் சொன்ன வசனத்தில்தான் வாடகை வீட்டின் முழுச் சிக்கலும் இருக்கிறது. கூரையை மாற்றக்கூடியவர் அந்த அறைக்குள் படுப்பதில்லை. அந்த அறைக்குள் படுக்கிற எங்களுக்குக் கூரையில் ஆணி அடிக்கவும் உரிமை இல்லை. திருத்தினால் நன்மை எங்களுக்கு, செலவு அவருக்கு. அவர் ஏன் செய்யப்போகிறார்? நாங்கள் செலவழித்தால் நாலு வருஷத்தில் விட்டுவிட்டுப் போகிற கூரைக்குக் காசு போட்டதாக முடியும். நாங்கள் ஏன் செய்யப்போகிறோம்? இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் யோசிக்கிறார்கள். வெக்கை மட்டும் அப்படியே நிற்கிறது. நல்ல மனதால் தீராத விஷயம் இது. இதற்காகத்தான் இங்கிலாந்துச் சட்டம் வாடகைக்காரரிடம் போகாமல் நேரே உரிமையாளரிடம் போய் நிற்கிறது. கூரை உன்னுடையது, ஆகவே பொறுப்பும் உன்னுடையது என்கிறது.

வெக்கை மின்சாரக் கட்டணத்திலும் ஏறுகிறது. 75 வாற்று ஃபான் ஒன்று ஒரு நாளில் 10 மணித்தியாலம் ஓடினால் முக்கால் யூனிற். மாதத்துக்கு 22 யூனிற்றுக்கு மேலே. எங்களிடம் இரண்டு ஃபான். அதுவே 45 யூனிற். பல்ப், போன், மடிக்கணினி எல்லாம் சேர்த்து மாதம் 60 யூனிற் அளவில் நிற்போம். அதாவது நாங்கள் எரிக்கிற கரண்டில் நாலில் மூன்று பங்கு சீற்றோடு சண்டை பிடிக்கத்தான் போகிறது. அந்தச் சண்டையிலும் வெல்வதில்லை. ஃபான் அறையைக் குளிராக்காது, இருக்கிற சூட்டுக் காற்றைத்தான் சுழற்றி அடிக்கும்.

அடுத்த சிக்கல் மீற்றர். அன்ரியின் வீட்டுக்கும் எங்கள் அறைக்கும் ஒரே மீற்றர். இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிற கட்டணம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது வாடகைக்காரரை எப்படி மாட்டுகிறது என்று கணக்குப் பார்த்தவர்கள் குறைவு. 2025 ஜூனில் வந்த கட்டணத்தை எடுங்கள். 60 யூனிற்றுக்குள் நிற்கும் வீட்டுக்கு முதல் 30 யூனிற் 4.50 ரூபாப்படி, அடுத்த 30 யூனிற் 8 ரூபாப்படி. 60ஐத் தாண்டினால் முதலாவது யூனிற்றில் இருந்தே வேறு விலை. முதல் 60 யூனிற் 12.75 ரூபா, அடுத்த 30 யூனிற் 18.50 ரூபா, அதற்கடுத்த 30 யூனிற் 24 ரூபா.

இப்போது இரண்டு குடும்பம் தனித்தனி மீற்றரில் 60 யூனிற் எரித்தால், மாத நிலைக்கட்டணத்தைத் தள்ளிவைத்து, ஆளுக்கு 375 ரூபா. இரண்டும் சேர்த்து 750 ரூபா. அதே 120 யூனிற் ஒரு மீற்றரில் ஓடினால் 765, 555, 720 என்று சேர்ந்து 2,040 ரூபா. கரண்ட் அதே கரண்ட், ஆட்கள் அதே ஆட்கள். மீற்றர் ஒன்று என்பதற்காக ஏறத்தாழ மூன்று மடங்கு. எங்கள் வீட்டில் அன்ரி பக்கத்து ஃபிரிட்ஜும் தண்ணி மோட்டரும் சேரும்போது 120ஐயும் தாண்டி 41 ரூபாப் படியில் போய் நிற்கும். பில் வந்ததும் பாதியாகப் பிரிப்பார். தனி மீற்றர் எடுங்கோவன் அன்ரி என்று கேட்டால், அதற்கு அலைய ஆள் இல்லை என்பார். நாங்கள் போய் விண்ணப்பிக்கலாம் என்றால் வீடும் காணியும் எங்கட பேரில் இல்லை. கூரையின் கதை அப்படியே திரும்பவும் வருகிறது.

இதையெல்லாம் யோசிக்கும்போது ஊர் ஞாபகம் வராமல் இராது. அனலைதீவு நாட்டின் பிரதான மின்வலையோடு சேராத இடம். மின்சார சபையின் டீசல் இயந்திரத்தில்தான் தீவுக்கே வெளிச்சம். எண்ணெய் கடல் கடந்து வரவேண்டும். அந்த மின்சாரத்தை உற்பத்தி செய்ய ஆகும் செலவு எங்கட பில்லில் தெரியாது, நாடு முழுவதும் ஒரே கட்டணம்தான். ஆனால் செலவு செலவுதான், யாரோ கட்டுகிறார்கள்.

அதற்கு மாற்றாகத்தான் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டம் வந்தது. வந்த கதையே ஒரு அரசியல் பாடம். 2021 ஜனவரியில் சீன நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தார்கள். இந்தியா எதிர்ப்புச் சொன்னது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடையில் செய்வதென்று உடன்படிக்கை, 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம். 1,700 கிலோவாற்று சூரிய ஒளி, 530 கிலோவாற்று காற்று, அவற்றோடு பற்றரியும் டீசல் துணையும். பெரிய நாடுகள் இரண்டு எங்கட சின்னத் தீவுகளுக்கு யார் கரண்ட் தருவது என்று இழுபட்டன. கரண்ட் வந்து விழுகிற வீடு எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஒழுகுகிற வாளிக்குத் தண்ணீர் எந்தக் கிணற்றில் இருந்து வந்தால் என்ன?

இத்தனைக்கும் கரண்ட் இல்லாத காலத்தில் எங்கட ஆட்கள் வெக்கையோடு எப்படி வாழ்வதென்று தெரிந்துதான் கட்டினார்கள். எங்களில் ஒருத்தியின் அம்மம்மா வீடு இன்னும் நிற்கிறது. தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, நடுவில் முற்றம், சுற்றிவரத் தாழ்வாரம், இறங்கி வந்து சுவரில் வெயில் படாமல் மறைக்கிற கூரை. வைகாசிக்குப் பிறகு சோளகம் எழும்பினால் ஒரு வாசலால் வந்து மற்ற வாசலால் போகும். மத்தியானம் அங்கே ஃபான் தேடின ஞாபகமே இல்லை. பழைய வீடு எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஓலை வேய வருஷாவருஷம் ஆளும் காசும் வேண்டும், பூச்சி பொட்டும் உண்டு. சொல்ல வருவது இதுதான்: அந்த வீட்டைக் கட்டினவர்தான் அதற்குள் படுத்தார். ஆகவே வெக்கையைப் பற்றி யோசித்தார். வாடகைக்கென்று இறக்கிய அறையில் அந்த யோசனை தேவைப்படுவதில்லை.

ஊரிலும் இப்போது அந்த நிலை மாறிவிட்டது. அனலைதீவில் பூட்டிக் கிடக்கிற வீடுகள் எத்தனை. சொந்தக்காரர் ரொறன்ரோவில், பாரிஸில், லண்டனில். பார்த்துக்கொள்ள என்று ஒரு குடும்பத்தை இருத்துவார்கள். வாடகை வாங்குவதில்லை, பெரும்பாலும் நன்றிக் கடன்தான். ஆனால் ஓடு உடைந்தால் கனடாவில் இருந்து பதில் வரும்வரை அந்தக் குடும்பம் வெயிலிலும் மழையிலும் காத்திருக்கும். வாடகை வாங்காத வீட்டிலும் கூரைக்கு அதிகாரம் உள்ளவர் ஒருவர், அதன் கீழே இருப்பவர் இன்னொருவர். அந்தச் சொந்தக்காரரோ ரொறன்ரோவில் வாடகைக்கு இருந்தால், குளிர்காலத்தில் வீட்டுக்குள் 21 பாகைக்குக் குறையாமல் சூடு கொடுக்க வேண்டும் என்று நகரசபை விதி அவருடைய வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தும்.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தோம். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் எவ்வளவு வாடகை வாங்கலாம், எப்போது எழுப்பலாம் என்பதைப் பற்றித்தான் கவலைப்பட்டது. 2023இல் வந்த 1ஆம் இலக்கச் சட்டம் வாடகைக்கு விட்ட இடத்தை உரிமையாளர் விரைவாகத் திரும்ப எடுக்க வழி செய்தது. வெக்கைக்கு இரண்டிலும் இடமில்லை. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நிலைபெறுதகு வலு அதிகாரசபை பல்புக்கும் ஃபானுக்கும் நட்சத்திர முத்திரை கொடுக்கிறது. பெரிய கட்டடங்களுக்கு விதிக்கோவை வைத்திருக்கிறது. கடையில் ஃபான் வாங்கும்போது அதில் எத்தனை நட்சத்திரம் என்று பார்க்கலாம். அந்த ஃபானைத் தொங்கவிடப்போகிற அறைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்க இடமில்லை.

அயலில் கொஞ்சம் அசைவு இருக்கிறது. இந்தியா 2018 டிசம்பரில் எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்று புதிய குடியிருப்புகளுக்கு ஒரு விதிக்கோவை வெளியிட்டது. சுவராலும் கூரையாலும் எவ்வளவு வெப்பம் உள்ளே வரலாம் என்று அது எண்ணில் சொல்கிறது. தெலங்கானா 2023இல் வெயிலைத் திருப்பி அனுப்பும் கூரைகளுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. இரண்டும் வாடகைக்காரரை மனதில் வைத்துச் செய்யப்படவில்லை. ஆனாலும் வெக்கையை எண்ணில் பேசலாம் என்று காட்டிவிட்டன.

எண் முக்கியம். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீடும் சுகாதாரமும் பற்றிய வழிகாட்டியில், குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 பாகைக்குக் குறையக்கூடாது என்று ஒரு எண் இருக்கிறது. வெக்கைக்கு அப்படி ஒரு எண் இல்லை, பாதுகாப்பு வழிகள் வேண்டும் என்பதோடு நிற்கிறது. குளிர் நாட்டுக்காரரின் நடுக்கம் சட்டமாகிவிட்டது. எங்கட புழுக்கம் இன்னும் "இது வெயில் நாடுதானே" என்ற பேச்சோடு நிற்கிறது.

இந்த இடத்தில் மறுபேச்சு வரும். வரவேண்டும். முதலாவது, விதி போட்டால் வாடகை கூடும், சிலர் அறையைப் பூட்டிவிடுவார்கள், கடைசியில் தீவுப் பிள்ளைகளுக்கு அறையே கிடைக்காது என்பது. இந்தப் பயம் எங்களுக்கும் உண்டு. அன்ரியைப் போல ஓய்வூதியத்தோடு அறை வாடகையையும் சேர்த்துச் சீவிக்கிறவர்கள் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் முழுக்க இருக்கிறார்கள். அவர்களைப் பெருமுதலாளியாக நினைத்துச் சட்டம் எழுதினால் அது அநியாயம். இங்கிலாந்து விதியில் செலவுக்கு உச்சம் வைத்ததும், விலக்குக் கொடுத்ததும் இதனால்தான். பிரான்ஸ் இன்னொரு வழியால் போனது. 2022இல் எஃப், ஜி தர வீடுகளுக்கு வாடகையைக் கூட்ட முடியாது என்றார்கள். பிறகு 2025 ஜனவரி 1 முதல் ஜி தர வீட்டைப் புதிதாக வாடகைக்கு விட முடியாது, 2028இல் எஃப், 2034இல் ஈ என்று படிப்படியாக நாள் குறித்தார்கள். ஒரே நாளில் கதவைச் சாத்தவில்லை. வீட்டுக்காரருக்குத் தேதி முன்கூட்டியே தெரியும், சீட்டுப் பிடிக்க நேரமிருக்கும்.

இரண்டாவது, அங்கேயே அது ஒழுங்காக நடக்கிறதா என்பது. முழுதாக இல்லை. இங்கிலாந்தில் சி தரத்துக்கு உயர்த்துவோம் என்று 2020இல் பேச்சுத் தொடங்கியது. 2023 செப்டெம்பரில் பிரதமர் ரிஷி சுனக் அதைக் கைவிட்டார். புதிய அரசு 2025 பெப்ரவரியில் 2030க்குள் சி தரம் என்று திரும்பவும் முன்மொழிந்தது. வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் வாக்காளர்கள், இந்த இழுபறி எப்போதும் இருக்கும். முறைப்பாடு செய்தால் எழுப்பிவிடுவார்களோ என்ற பயம் அங்கும் இருந்தது. காரணம் சொல்லாமல் எழுப்ப இடம் கொடுத்த பிரிவை நீக்கும் சட்டம் 2025 ஒக்டோபரில்தான் நிறைவேறியது. ஆகவே தரமும் பாதுகாப்பும் சேர்ந்து வராவிட்டால் தரம் கடதாசியில்தான் இருக்கும்.

மாமாவிடமும் இதைத்தான் பிறகொரு நாள் கேட்டோம். நீங்கள் லண்டன் போன புதிதில் எப்படி இருந்தீர்கள் மாமா? அப்போது அவர் சொன்னது கோபமாக இல்லை. ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் ஆறு பேர். ஹீற்றர் மீற்றருக்குள் காசுக்குற்றி போட்டால்தான் ஓடும். காசு முடிந்தால் ஜக்கெற்றும் சொக்ஸும் போட்டபடி படுப்பார்களாம். சுவரில் பூஞ்சணம். "வீட்டுக்காரன் தமிழன்தான். கேக்கப் பயம், விசாவும் இல்லை." இப்போது அவருடைய வீட்டில் இருப்பது படிக்க வந்த இரண்டு பெடியங்கள். இந்தக் குளிருக்கு ஹீற்றரை இரவில் நிறுத்திவிட்டுப் படுக்கலாம் போல இருக்கிறது என்று அவர்கள் சொன்னார்களாம். "அதுக்கென்ன, என்ர இரண்டாயிரம் போனது போனதுதான்" என்று சொல்லிவிட்டு மாமா வேறு கதைக்குப் போய்விட்டார். இரண்டும் உண்மைதான். அவருக்குச் செலவு, பெடியங்களுக்கு நித்திரை. அந்த ஆறு பேரின் காலத்தில் நித்திரைக்காகப் பேச ஒரு விதி இருக்கவில்லை.

ஆகவே இங்கிலாந்துச் சட்டத்தை அப்படியே கொண்டுவந்து திருநெல்வேலியில் நடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பஞ்சும் இரட்டைக் கண்ணாடியும் எங்களுக்கு வேண்டாம். எங்கட வெயிலுக்கு, எங்கட வசதிக்கு ஏற்ற சின்ன விதி போதும். நாலு பேரும் இருந்து எழுதிப் பார்த்தோம்.

வாடகைக்கு விடுகிற அறையில் சீற்றுக்குக் கீழே சீலிங் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சீற்றுக்கு மேலே வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சாவது வேண்டும். காற்று வரவும் போகவும் இரண்டு பக்கம் திறப்பு வேண்டும், அவற்றுக்குக் கம்பியும் வலையும் போட்டு இரவிலும் பயமில்லாமல் திறந்து வைக்கக்கூடியதாக. தனி மீற்றர் வேண்டும். அது வரும்வரை, எங்கள் பக்கத்து யூனிற்றை எண்ணத் துணை மீற்றர் ஒன்று வைத்து, நாங்கள் தனியாக இருந்திருந்தால் வந்திருக்கும் விலையில் கணக்குப் பார்க்க வேண்டும். அறை பார்க்க வருகிறவருக்குக் கடைசி மூன்று மாத பில்லைக் காட்டவேண்டும். இதையெல்லாம் கேட்டதற்காக யாரையும் எழுப்பக்கூடாது. சீலிங் போட வசதியில்லாத அன்ரிமாருக்கு, வாடகையில் கழிக்கிற மாதிரி வட்டியில்லாக் கடனோ உதவியோ வேண்டும். தீவுகளில் சூரிய ஒளிக்கு நன்கொடை கொடுக்க முடிந்தவர்களுக்கு ஒரு சீலிங் பெரிய விஷயமாக இராது.

பாராளுமன்றம் இதைச் செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பல்கலைக்கழகத்தைச் சுற்றி வாடகைக்கு இருக்கும் மாணவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் அறையின் பின்னேர வெப்பநிலையையும் கரண்ட் பில்லையும் ஒரு கொப்பியில் எழுதினால் போதும். வெப்பமானி எங்களிடம் ஒன்று இருக்கிறது, இரவல் தருவோம். ஐம்பது அறையின் கணக்குச் சேர்ந்தால் மாணவர் ஒன்றியத்திடம் கொடுக்கலாம். அறைகளுக்குத் தரம் போட்ட ஒரு பட்டியலை ஒன்றியமே வெளியிடலாம். நல்ல அறை வைத்திருக்கிற அன்ரிக்கும் அதனால் பெயர் வரும்.

எங்கட கொப்பியில் முதல் பக்கம் எழுதியாயிற்று. திகதி, நேரம், வெளியே 33, உள்ளே 37, இந்த மாதப் பில்லில் எங்கட பாதி. அடுத்த பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. கொக்குவிலில், கோண்டாவிலில், கலட்டியில் இருக்கிறவர்கள் உங்கட கணக்கையும் சொல்லுங்கோ.